சுரைப்பந்தலின் கீழே தூங்கும் யோனா

ரோம் நகரத்தின் பழைய கிறிஸ்தவச் சுரங்கக் கல்லறைகளில் திரும்பத் திரும்ப வரையப்பட்டவர்களில் விவிலியத்தில் வரும் யோனா தீர்க்கதரிசி முக்கியமானவர். அவரைக் கடலில் தூக்கிப் போடுகிற காட்சி இருக்கிறது, பெரிய மீன் அவரைக் கக்குகிற காட்சியும் இருக்கிறது, ஆனால் ஓவியர்கள் ஆசையோடு வரைந்தது அதற்கு அடுத்த காட்சியைத்தான். எல்லாம் முடிந்து கரை சேர்ந்தபின் ஒரு சுரைப்பந்தலின் கீழே, ஒரு கையை மடக்கித் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல், காலை நீட்டிச் சாய்ந்து படுத்திருக்கிறார். மேலே சுரைக்காய்கள் தொங்குகின்றன.

விவிலியத்தைப் படித்தவர்களுக்கு இது கொஞ்சம் இடிக்கும். அந்த இடத்தில் யோனா நிம்மதியாகவா இருக்கிறார்? கடவுள் அழிப்பதாகச் சொன்ன நினிவே நகரம் அழியவில்லையே என்ற கோபத்தில் ஊருக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார், நிழல் தந்த செடியைப் புழு அரித்து அது வாடிப்போனதும் இன்னும் கோபப்படுகிறார், வாழ்வதைவிடச் சாவதே மேல் என்கிறார். ஓவியர்கள் அந்தக் கோபத்தை, வாடிய செடியை, கடவுளோடு நடந்த வாக்குவாதத்தை எல்லாம் விட்டுவிட்டு ஓய்வை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படுக்கும் விதமும் ரோமில் ஏற்கெனவே பழகியதுதான். என்டிமியோன் என்று கிரேக்கக் கதையில் ஓர் அழகான மேய்ப்பன் வருவான். மூப்பும் சாவும் இல்லாமல் என்றைக்கும் தூங்கிக்கொண்டே இருப்பவன், அவனைப் பார்க்க நிலவுத் தேவதை இறங்கி வருவாள். ரோமில் வசதியானவர்கள் தங்கள் கல் சவப்பெட்டிகளில் அவனைச் செதுக்கிக்கொண்டார்கள். அதே மடக்கிய கை, அதே சாய்வு. கிறிஸ்தவக் குடும்பங்கள் யோனா வேண்டும் என்று கேட்டபோது, ஓவியர்கள் தங்கள் கைக்குப் பழகிய என்டிமியோனைப் பந்தலுக்குக் கீழே படுக்கவைத்துக் கொடுத்திருக்கிறார்கள். விழுங்குகிற மீனும் அப்படித்தான். மீன் மாதிரியே இருக்காது. நீண்ட கழுத்தும் சுருண்ட வாலும் கொண்ட கடல் பூதம், ஆந்திரோமெதா என்ற இளவரசியை விழுங்க வருகிற கிரேக்கக் கதையிலிருந்து அப்படியே இறங்கி வந்தது.

இந்த ஓவியங்களைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். பயந்து ஒளிந்தவர்கள் வரைந்தவை என்று நினைத்துப் பார்த்தால் இவற்றில் எதுவும் பிடிபடாது. வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் காசு கொடுத்து வரையச் சொன்னவை என்று நினைத்துக்கொண்டு பாருங்கள், எதற்காக இந்தக் கதை இருக்கிறது, எதற்காக அந்தக் கதை இல்லை என்பது தானாகப் புரிய ஆரம்பிக்கும்.

அதனால், துன்புறுத்தலுக்குப் பயந்து கிறிஸ்தவர்கள் இந்தச் சுரங்கங்களில் ஒளிந்து வாழ்ந்தார்கள் என்ற கதையை முதலில் பார்த்துவிடலாம். சினிமாவும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பும் சேர்ந்து அதை நம் மனசில் ஆழமாகப் பதித்துவிட்டன. ரோமின் பழைய பன்னிரண்டு பலகைச் சட்டப்படி நகர எல்லைக்குள் பிணத்தைப் புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. அதனால் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் கல்லறை ஊருக்கு வெளியே போகிற சாலைகளின் ஓரத்தில்தான்: ஆப்பியா சாலை, சலாரியா சாலை, நோமென்தானா சாலை, ஆர்தெயாதினா சாலை. 2ஆம் நூற்றாண்டில் எரிக்கும் வழக்கம் குறைந்து புதைக்கும் வழக்கம் பரவியது. புதைப்பதற்கு இடம் நிறைய வேண்டும், சாலையோர நிலமோ விலை அதிகம். ஆனால் அந்த நிலத்துக்கு அடியில் இருப்பது தூஃபா, எரிமலைச் சாம்பல் இறுகி உருவான மென்பாறை. குந்தாலியால் வெட்ட வெட்ட வந்துவிடும், காற்றுப் பட்டதும் கெட்டியாகிவிடும். மேலே ஒரு சின்ன மனை இருந்தால் போதும், கீழே அடுக்கடுக்காகத் தோண்டிக்கொண்டே போகலாம். யூதர்களும் இப்படித் தோண்டினார்கள். ரோமில் வில்லா தொர்லோனியா என்ற மாளிகைத் தோட்டத்தின் அடியில், யூதர்களின் அடையாளமான ஏழு கிளை விளக்கு வரைந்த அறைகள் இருக்கின்றன. அங்கே கிடைத்த கரித்துகள்களை வைத்துச் செய்த காலக்கணிப்பு 2005இல் வெளியானபோது, யூதக் கல்லறைகள் கிறிஸ்தவர்களுடையதைவிட முந்தியவையாக இருக்கலாம், கிறிஸ்தவர்கள் அவர்களைப் பார்த்தே தொடங்கியிருக்கலாம் என்ற பேச்சு வலுத்தது.

அரசுக்கு இந்த இடங்கள் நன்றாகவே தெரியும். 257இல் பேரரசர் வலேரியன் கிறிஸ்தவர்கள் கல்லறைகளுக்குப் போகக் கூடாது என்று தடை போட்டார். இடம் தெரியாமல் தடை போட முடியுமா? அடுத்த ஆண்டு, 258 ஆகஸ்ட் 6ஆம் தேதி, போப் இரண்டாம் சிக்ஸ்துவைப் பிடித்துக் கொன்றதே ஒரு கல்லறைத் தோட்டத்தில்தான். அங்கே ஒளிந்திருந்தால் தப்பிக்கலாம் என்று அந்தக் காலத்தில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அப்புறம், அங்கே வாழ்வது என்பதே நடக்காத காரியம். ரோமில் மாணவனாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு அங்கே இறங்கியதைப் பற்றி விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். இரண்டு பக்கச் சுவரிலும் பிணங்கள், எங்கேயோ ஒரு துளை வழியாகக் கொஞ்சம் வெளிச்சம், மற்றபடி காலை எடுத்து வைக்கவே பயப்படுகிற இருட்டு. அது 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, துன்புறுத்தல் எல்லாம் முடிந்து ஒரு தலைமுறை கடந்த காலம்.

தோண்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். ஃபொஸ்ஸோர் என்று பெயர். டொமிடில்லா கல்லறையில் அவர்களில் ஒருவரின் படம் இருந்தது. தியோகெனஸ் என்று பெயர், முழங்கால் வரை அங்கி, ஒரு கையில் விளக்கு, தோளில் குந்தாலி, காலடியில் கவராயமும் மற்றக் கருவிகளும். இந்த வேலைக்கு ஒரு மரியாதை இருந்தது, 4ஆம் நூற்றாண்டில் இவர்களே கல்லறை இடங்களை விற்றும் இருக்கிறார்கள், விலைக்கு வாங்கியதைக் கல்வெட்டிலேயே பொறித்து வைத்த குடும்பங்கள் உண்டு. நடையை முதலில் வெட்டுவார்கள், பிறகு இரண்டு பக்கச் சுவரிலும் ஒன்றன் மேல் ஒன்றாக, ரயில் பெட்டியில் கீழ்பெர்த், நடுபெர்த், மேல்பெர்த் இருக்கிற மாதிரி, உடல் அளவுக்குக் குழிகளைக் குடைவார்கள். துணியில் சுற்றிய உடலை உள்ளே வைத்து ஓடுகளாலோ பளிங்குப் பலகையாலோ மூடிச் சுண்ணாம்பு பூசிவிடுவார்கள். ஏழைக்கும் இதே குழிதான். கொஞ்சம் வசதி இருந்தால் மேலே வளைவு வைத்த கல்லறை, இன்னும் வசதி இருந்தால் குடும்பத்துக்கென்று தனி அறை. ஓவியங்கள் பெரும்பாலும் இந்த வளைவுகளிலும் அறைகளிலும்தான் இருக்கின்றன.

பிரிசில்லா என்ற சுரங்கக் கல்லறைக்குள் போனபோது ஓவியங்களைப் பார்க்கும் அவசரத்தில்தான் இறங்கினேன், ஆனால் வழியில் என்னை நிறுத்தியது சுவரில் இருந்த சின்னக் குழிகள். ஒரு முழம், ஒன்றரை முழம் நீளம். பெரிய குழிகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் எல்லாம் அவை இருக்கின்றன. அந்தக் காலத்தில் பிறந்த குழந்தைகளில் எத்தனை நிலைத்திருக்கும் என்பதற்குத் தனியாகப் புள்ளிவிவரம் தேவையில்லை, அந்தச் சுவரைப் பார்த்தால் போதும். கல்வெட்டுகளில் வயதை ஆண்டு, மாதம், நாள் என்று கணக்குப் போட்டு எழுதியிருப்பார்கள். எழுதத் தெரியாதவர்கள், பளிங்குக்குக் காசு இல்லாதவர்கள், ஈரச் சுண்ணாம்பில் ஏதாவது ஒரு பொருளை அழுத்திவைத்தார்கள்: ஒரு நாணயம், ஒரு கிளிஞ்சல், பொன் தகடு வைத்த கண்ணாடிக் கிண்ணத்தின் அடிப்பகுதி, எலும்பில் செய்த பொம்மை. ஒரே மாதிரி இருக்கிற நூற்றுக்கணக்கான குழிகளில் நம் வீட்டுக் குழி எது என்று விளக்கு வெளிச்சத்தில் கண்டுபிடிக்க வேண்டுமே.

சரி, ஓவியத்துக்கு வருவோம்.

பாறைச் சுவரில் சுண்ணாம்புக் காரை பூசி அது ஈரமாக இருக்கும்போதே வேகமாக வரைய வேண்டும். நிறங்கள் பெரும்பாலும் மலிவானவை: காவி, மஞ்சள் மண், பச்சை மண், கரி. பின்னணி வெள்ளை. 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெள்ளைச் சுவரைச் சிவப்புக் கோடும் பச்சைக் கோடுமாகப் பிரித்து, கிடைத்த கட்டங்களில் ஒரு பறவை, ஒரு பூச்சாடி, ஒரு சின்ன உருவம் என்று போடுவது அப்போதைய ரோம வீடுகளிலும் இருந்த பாணி. கல்லறைக்கு அது ரொம்பப் பொருத்தமாக அமைந்துவிட்டது, எண்ணெய் விளக்கின் சின்ன வெளிச்சத்தை வெள்ளைச் சுவர் திருப்பிக் கொடுக்கும். தரம் என்று பார்த்தால் பல ஓவியங்கள் சுமார்தான்; விரல்கள் சரியாக இருக்காது, கண்கள் இரண்டு கறுப்புப் பொட்டு. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருட்டில், புகையில், அண்ணாந்து பார்த்துக்கொண்டு, காரை காய்வதற்குள் முடிக்க வேண்டிய வேலை. நாலு வீச்சில் ஒரு புறாவைக் கொண்டுவந்துவிடுகிற கையை நான் மதிக்கிறேன்.

கதை சொல்கிற விதமும் அதே சிக்கனம்தான். நோவாவின் பேழை ஒரு சின்னப் பெட்டி, மூடி திறந்திருக்கிறது, உள்ளே நோவா மட்டும் நின்றுகொண்டு கையை விரிக்கிறார், புறா வருகிறது. மனைவி மக்கள் இல்லை, ஒரு ஆடு மாடு இல்லை, வெள்ளம்கூட இல்லை. தானியேல் இரண்டு சிங்கங்களுக்கு நடுவில் கையை உயர்த்தி நிற்கிறார். மூன்று இளைஞர்கள் தீச்சூளையில் நிற்கிறார்கள், தொப்பி தலையிலேயே இருக்கிறது. மோசே பாறையைத் தட்டுகிறார், தண்ணீர் கொட்டுகிறது. இறந்துபோன லாசர் ஒரு குட்டிக் கோயில் போன்ற கல்லறை வாசலில் துணி சுற்றியபடி நிற்க, இயேசு ஒரு கோலால் அவரைத் தொடுகிறார். சூசன்னாவுக்கு இரண்டு பக்கமும், அவள் மேல் பொய்ப்பழி சுமத்திய அந்த இரண்டு கிழவர்கள். முன்கதையும் இல்லை, பின்கதையும் இல்லை, அந்த ஒரு நொடி மட்டும். எல்லாமே தப்பித்த நொடி.

கத்தோலிக்கத் திருச்சபையில் சாகும் தறுவாயில் இருப்பவருக்காகச் சொல்லும் பழைய மன்றாட்டு ஒன்று உண்டு: நோவாவை வெள்ளத்திலிருந்து மீட்டதுபோல, தானியேலைச் சிங்கக் குகையிலிருந்து மீட்டதுபோல, மூன்று இளைஞரை நெருப்பிலிருந்து மீட்டதுபோல, சூசன்னாவைப் பொய்ப்பழியிலிருந்து மீட்டதுபோல, இந்த ஆன்மாவையும் மீட்டருளும் என்று பட்டியலாகப் போகும். எழுத்தில் அது கிடைப்பது இந்த ஓவியங்களுக்கு ரொம்பப் பிந்திய காலத்தில்தான், அதனால் அதைப் பார்த்து இதை வரைந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மனசு ஒன்றுதான். அவர்களைக் காப்பாற்றினாயே, எங்கள் ஆளையும் காப்பாற்று. சுவரில் இருக்கிற ஒவ்வொரு கதைக்கும் பின்னால் இந்த இரண்டாவது வாக்கியம் இருக்கிறது, அதை வரையவில்லை, ஏனென்றால் அது அங்கே சுண்ணாம்புக்குப் பின்னால் படுத்திருக்கிறது.

சிலுவையில் அறைந்த காட்சி இங்கே கிடையாது. இதை முதல்முறை தெரிந்துகொள்கிறவர்கள் நம்ப மாட்டார்கள், ஏனென்றால் இன்று ஒரு கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் சிலுவையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. முள்முடி இல்லை, ரத்தம் இல்லை. விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த சாட்சிகள் சிங்கத்துக்கு இரையாகும் படமும் இல்லை. இயேசு வரும்போது தாடி இல்லாத இளைஞராக வருகிறார், குணமாக்குகிறார், எழுப்புகிறார். மார்செல்லினுஸ்–பேதுரு கல்லறையில் ரத்தப்போக்கினால் வருந்திய பெண் பின்னாலிருந்து அவருடைய ஆடை விளிம்பைத் தொடுகிற ஓவியம் இருக்கிறது, அவர் திரும்பி அவளைப் பார்க்கிறார். எனக்கு இந்த முழு உலகத்திலும் ரொம்பப் பிடித்த படங்களில் அது ஒன்று. இல்லாவிட்டால் அவர் நல்லாயனாக வருகிறார், தோளில் ஓர் ஆட்டைச் சுமந்துகொண்டு. அந்த மேய்ப்பனும் ரோமர்களுக்குப் பழக்கமான உருவம்தான், கிறிஸ்தவர் அல்லாதவர்களின் கல்லறையிலும் வருவான். தாடி வைத்த, நேராக நம்மைப் பார்க்கிற, இரண்டு பக்கமும் கிரேக்கத்தின் முதல், கடைசி எழுத்துகளான ஆல்ஃபா ஒமேகா எழுதிய இயேசு முகம் கொமொடில்லா கல்லறையின் கூரையில் வருவது 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதற்குள் பேரரசே கிறிஸ்தவத்தின் பக்கம் வந்துவிட்டது. இயேசு அரசர் ஆகிவிட்டார். அந்த முகத்தில் கம்பீரம் இருக்கிறது, ஆனால் ஆட்டைச் சுமக்கிற பையனிடம் இருக்கிற நெருக்கம் அதில் இல்லை என்பது என் கருத்து.

பிரிசில்லாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சலாரியா சாலையில் இருக்கிறது, பெனடிக்டின் சபைக் கன்னியர் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே ஒரு கூரையின் ஓரத்தில், தேடினால்தான் கண்ணில் படும் அளவுக்குச் சின்னதாக, ஒரு பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருக்கிறாள், குழந்தை நம் பக்கம் திரும்பிப் பார்க்கிறது, பக்கத்தில் ஒருவர் மேலே இருக்கும் நட்சத்திரத்தைச் சுட்டிக்காட்டுகிறார். 3ஆம் நூற்றாண்டின் முற்பாதி. நமக்குக் கிடைத்திருக்கும் மரியாவின் மிகப் பழைய படம் என்று பலரும் சொல்வது இதைத்தான். நட்சத்திரத்தைக் காட்டுபவர், யாக்கோபிலிருந்து ஒரு நட்சத்திரம் உதிக்கும் என்று விவிலியத்தில் முன்னுரைத்த பிலெயாம் தீர்க்கதரிசியாக இருக்கலாம்.

அதே பிரிசில்லாவில் முக்காடிட்ட பெண்ணின் அறை. வளைவுச் சுவரின் நடுவில் கருஞ்சிவப்பு அங்கியும் தலையில் வெள்ளைத் துணியுமாக ஒரு பெண் இரண்டு கைகளையும் விரித்து, கண்களை மேலே உயர்த்தி ஜெபிக்கிறாள். அவளுக்கு இடதுபக்கம் ஒரு பெரியவர் முன்னிலையில் இளம்பெண் நிற்கும் காட்சி, பலரும் இதைத் திருமணம் என்கிறார்கள். வலதுபக்கம் ஒரு தாய் குழந்தையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருக்கிறாள். மூவரும் ஒரே பெண்தான் என்பது வழக்கமான விளக்கம்: கல்யாணம், பிள்ளை, பிறகு கடவுளின் முன். பிள்ளைப்பேற்றில் இறந்தவளாக இருக்குமோ என்று பார்க்கிறவர்கள் ஊகிப்பது இயல்பு, எனக்கும் அப்படித் தோன்றியது, ஆனால் சுவரில் அதற்கு ஆதாரம் எதுவும் எழுதியில்லை. அவளுக்குக் காசு செலவழித்தவர்கள் பெயரைப் பொறிக்காமல் முகத்தைக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் அந்தக் காலத்து ஓவியத்துக்கு அசாதாரணமான முகம். பெரிய கண்கள். 2013இல் இந்தக் கல்லறை புனரமைப்பு முடிந்து திறந்தபோது, கையை விரித்த இந்தப் பெண் ஒரு குருவானவர், கிரேக்கச் சிற்றாலயம் என்று அழைக்கப்படும் அறையில் விருந்து மேசையில் இருக்கும் முக்காடிட்டவரும் பெண் குருவானவர் என்று ஒரு பக்கமும், அதெல்லாம் கற்பனை என்று வத்திக்கான் பக்கமும் வாதம் நடந்தது. கையை விரித்து ஜெபிக்கிற உருவம் கல்லறைகள் முழுக்க இருக்கிறது, நோவாவும் தானியேலும்கூட அப்படித்தான் நிற்கிறார்கள், அதனால் அந்த நிலையை வைத்து மட்டும் குருத்துவத்தை முடிவு செய்ய முடியாது என்று நினைக்கிறேன். அதற்காக அந்தப் பெண்ணை வெறும் குறியீடாக்கி, ஆன்மாவின் உருவகம் என்று ஓரமாக வைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. அவள் ஒரு மனுஷி, யாரோ அவளுக்காக அழுதிருக்கிறார்கள்.

விருந்துக் காட்சிகள் நிறைய. கல்லறையில் சாப்பாடு போடுவது ரோமர்களின் பழைய வழக்கம், இறந்தவரின் நினைவு நாளில் குடும்பம் கூடி அங்கேயே சாப்பிடும், கிறிஸ்தவர்களும் அதை விடவில்லை. மார்செல்லினுஸ்–பேதுரு கல்லறையில் வளைந்த மேசையைச் சுற்றிச் சிலர் சாய்ந்திருக்க, பரிமாறுகிற பெண்களைப் பார்த்து அவர்கள் சொல்வது தலைக்கு மேலே எழுதியிருக்கிறது: ஐரீன், சுடுதண்ணீர் கொடு, அகாப்பே, எனக்குக் கலந்து கொடு. திராட்சை ரசத்தில் வெந்நீர் கலந்து குடிப்பது அப்போதைய பழக்கம். ஐரீனும் அகாப்பேயும் பெண்களின் பெயராகவும் இருக்கலாம், அந்தக் கிரேக்கச் சொற்களின் பொருளான அமைதியும் அன்புமாகவும் இருக்கலாம். பண்டிதர்கள் இது நற்கருணையா, சொர்க்க விருந்தா, நினைவுச் சாப்பாடா என்று நூறு ஆண்டுக்கு மேலாக விவாதிக்கிறார்கள். வரையச் சொன்ன குடும்பத்துக்கு இந்த மூன்றும் வேறுவேறாகத் தெரிந்திருக்குமா?

1955இல் லத்தீனா சாலைப் பக்கம் கட்டட வேலை நடந்தபோது இன்னொரு கல்லறை கிடைத்தது. சின்னது, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தோனியோ ஃபெர்ருவா என்ற இயேசு சபைக் குரு 1960இல் அதைப் பற்றி வெளியிட்ட நூல் பலரை யோசிக்க வைத்தது, ஏனென்றால் ஓர் அறையில் விவிலியத்தின் சிம்சோன் சண்டை போடுகிறார், இன்னொரு அறையில் கிரேக்கக் கதையின் ஹெர்குலிஸ். அதே கிரேக்கக் கதைகளில் வரும் அல்கெஸ்திஸ் கணவனுக்காகத் தன் உயிரைக் கொடுத்தவள். ஹெர்குலிஸ் பாதாளத்திலிருந்து அவளை மீட்டுக் கணவனிடம் கூட்டிவருகிறார், கூடவே மூன்று தலை நாய். ஒரே குடும்பத்தில் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றவர், இன்னொருவர் பழைய தெய்வங்களை விடாதவர் என்று இருந்திருக்கலாம். ஒரே கல்லறையில் படுத்தார்கள், ஒரே பட்டறை ஆட்கள் வரைந்தார்கள். லாசரை எழுப்புகிற படத்தையும் அல்கெஸ்திஸைத் திருப்பிக் கொண்டுவருகிற படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இந்தக் கலையைப் பற்றிய என் பார்வையே தெளிவானது. இரண்டிலும் கேட்பது ஒன்றைத்தான், போனவரைத் திருப்பிக் கொடு. இந்தக் கல்லறை பொதுமக்களுக்குத் திறந்தில்லை, தனி அனுமதி வேண்டும், படங்களில்தான் பார்த்திருக்கிறேன்.

கிறிஸ்தவத்துக்கு அனுமதி கிடைத்த 313க்குப் பிறகு எல்லாம் பெரிதாகிறது. 366 முதல் 384 வரை போப்பாக இருந்த தமாசு, சாட்சிகளின் கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்து, படிக்கட்டு கட்டி, பளிங்கில் அழகான எழுத்தில் தானே எழுதிய கவிதைகளைப் பொறித்து வைத்தார். கலிஸ்து கல்லறையில் 3ஆம் நூற்றாண்டுப் போப்புகள் பலர் அடக்கமான அறையில் அவர் வைத்த கவிதையின் கடைசியில், நானும் இங்கேயே அடக்கமாக விரும்பினேன், ஆனால் பரிசுத்தவான்களின் சாம்பலைத் தொந்தரவு செய்ய அஞ்சினேன் என்று வருகிறது. மற்றவர்களுக்கு அந்த அச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. புனிதர் பக்கத்தில் படுக்க வேண்டும் என்ற ஆசையில் பழைய ஓவியங்களை வெட்டியே புதுக் குழிகளைக் குடைந்தார்கள். நல்லாயனின் வயிற்றிலோ யோனாவின் காலிலோ ஒரு செவ்வகக் குழி இருப்பதை இன்றும் பார்க்கலாம். நம் ஊர்க் கடற்கரைக் கிராமங்களில் சப்பரத்தில் வருகிற செபஸ்தியாரின் கல்லறையும் இப்படி ஒரு சுரங்கத்தில்தான், ஆப்பியா சாலையில்; அங்கே அவருக்கும் முன்பே பேதுருவையும் பவுலையும் கூப்பிட்டு மன்றாடியவர்களின் கீறல் எழுத்துகள் ஒரு சுவர் நிறைய இருக்கின்றன.

5ஆம் நூற்றாண்டில் புதைப்பது நின்றது. 8ஆம், 9ஆம் நூற்றாண்டுகளில் புனிதர்களின் எலும்புகளை நகருக்குள் இருக்கும் ஆலயங்களுக்குக் கொண்டுபோனார்கள், அதற்குப் பின் பெரும்பாலான வாசல்கள் மண் மூடி மறந்துபோயின. 1578 மே 31 அன்று சலாரியா சாலையில் மண் தோண்டிய கூலியாட்கள் ஓவியங்களோடு ஓர் அறையில் போய் விழுந்தார்கள். அதன் பின் அந்தோனியோ போசியோ என்ற ஆய்வாளர் வாழ்நாள் முழுக்கச் சுரங்கம் சுரங்கமாக இறங்கினார். ஒருமுறை டொமிடில்லாவில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டு வெளியே வரவே முடியாதோ என்று பயந்திருக்கிறார். அவர் புத்தகம் வெளிவந்தது அவர் இறந்த பிறகு. 19ஆம் நூற்றாண்டில் ஜொவான்னி பத்திஸ்தா தெ ரோஸ்ஸி என்ற தொல்லியலாளர் 1849இல் ஒரு திராட்சைத் தோட்டத்தில் உடைந்த பளிங்குத் துண்டு ஒன்றைப் பார்த்தார், ‘நேலியுஸ், சாட்சி’ என்று பாதிப் பெயர். 3ஆம் நூற்றாண்டின் கொர்னேலியுஸ் போப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்து, தோட்டத்தை வாங்கும்படி போப் ஒன்பதாம் பத்திநாதரைச் சம்மதிக்கவைத்து, 1852இல் மீதித் துண்டையும் கல்லறையையும் கண்டுபிடித்தார். இதற்கு நடுவில் நடந்த நாசத்தையும் சொல்ல வேண்டும். தோண்டுகிற தியோகெனஸின் படத்தை 18ஆம் நூற்றாண்டில் சுவரிலிருந்து பெயர்த்தெடுக்கப் பார்த்தார்கள், அது நொறுங்கிவிட்டது. பழைய அச்சுப் படத்தின் தயவில்தான் அவர் கையில் விளக்கு இருந்ததே நமக்குத் தெரியும்.

டொமிடில்லாவில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் நடை. அங்கே சில அறைகளின் கூரை ஓவியங்கள் விளக்குப் புகையும் சுண்ணாம்புப் படிவும் பாசியும் சேர்ந்து கறுத்துக் கிடந்தன, தூரிகையோ ரசாயனமோ வைத்தால் நிறமும் சேர்ந்து வந்துவிடும். லேசர் வைத்து, ஒவ்வொரு அழுக்குக்கும் ஏற்ற அலைநீளத்தைத் தேர்ந்து, அங்குலம் அங்குலமாக எடுத்தார்கள். 2017இல் திறந்து காட்டியபோது ரொட்டிக்காரர்களின் அறை மறுபடி தெளிவாகத் தெரிந்தது: தானியம் வந்து இறங்குகிறது, சுமக்கிறார்கள், அளக்கிறார்கள், தொழிலையே கல்லறையில் வரைந்துகொண்டவர்கள். ஓர் ஓவியத்தின் மேலேயே போசியோ பெரிய எழுத்தில் தன் பெயரைக் கரியால் எழுதி வைத்திருப்பதும் கூடவே வெளியே வந்தது. அவர் மேல் எனக்குக் கோபம்தான், ஆனால் அதையும் அழிக்காமல் விட்டது சரி.

போகிறவர்களுக்கு: கலிஸ்துவில்தான் கூட்டம் அதிகம், ஓவியத்துக்காகவே போகிறீர்கள் என்றால் பிரிசில்லா, அடுத்து மார்செல்லினுஸ்–பேதுரு. எல்லா இடத்திலும் வழிகாட்டியோடு குழுவாகத்தான் விடுவார்கள், படம் எடுக்க விட மாட்டார்கள், அதைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். மின்விளக்கு வெளிச்சத்தாலேயே சுவரில் பச்சைப் பாசி பிடிக்கிறது என்று அவர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். கோடையில் போனாலும் மேலே போட்டுக்கொள்ள ஒரு சட்டை வேண்டும். போக முடியாதவர்கள் யோசெஃப் வில்பெர்ட் 1903இல் வெளியிட்ட பெரிய தொகுப்பை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். புகைப்படங்களின் மேல் கையால் நீர்வண்ணம் தீட்டிய படங்கள், இன்று மங்கிப்போன சில ஓவியங்கள் அதில்தான் முழுசாக இருக்கின்றன. வண்ணம் தீட்டியவரின் கை கொஞ்சம் கூடுதலாக அழகுபடுத்தியிருக்கும், அதனால் இப்போதைய புகைப்படத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் யோனாவின் படங்களை எல்லாம் வரிசையாகப் பாருங்கள், கை தலைக்கு மேலே இருக்கிறதா, பந்தலில் எத்தனை காய்கள் என்று.